இஞ்ஞாசி காட்டிய மூச்சு

இஞ்ஞாசிக்கு வந்திருக்கும் நிமோனியா லேசானது என்று கோதண்டபாணி சொன்னது தப்பு.

சொன்னதோடு நிற்கவில்லை. மாத்திரை எழுதிக் கையில் கொடுத்து, வீட்டில் போய்ப் படு என்று அனுப்பியும் விட்டார்.

கோதண்டபாணி பட்டாளத்து டாக்டர். குடியாத்தத்துக்காரர். பனியிலும் மணலிலும் சிப்பாய்களுக்குக் கை கால் தைத்தே காலம் போய்விட்டது. ஓய்வு பெற்றபின் சும்மா உட்கார மனமில்லை. தெற்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதில் டாக்டர் சுலைஹா என்று ஒரு அம்மா, நோயாளி படி ஏறும்போதே பாதி நோயைப் படித்துவிடுவார் என்று யாரோ சொன்னார்கள். அவர் நம்பவில்லை. பொய்யென்று நிரூபிக்கத்தான் ரயில் ஏறினார். ஒரு வாரம் பார்த்தார். பெட்டி படுக்கையை வரவழைத்துக்கொண்டார்.

அந்த அம்மா அவரைவிட வயதில் மிகவும் சின்னவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார். குரு, சீடன் என்ற பேச்சே அங்கே எழுந்ததில்லை. ஆனால் அந்த அம்மாவின் மேசைக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலியில் கோதண்டபாணியைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்துவிட முடியாது.

பட்டாளத்திலிருந்து ஒரு பழக்கத்தை மட்டும் அவர் கொண்டுவந்திருந்தார். நோயாளி உள்ளே, கூட வந்தவர் வெளியே. சிப்பாய்க்குப் பக்கத்தில் நின்று அவனுக்காகப் பதில் சொல்ல அங்கே மாமியாரா இருந்தாள்?

அன்று காலை சுலைஹா வார்டில் இருந்தார். முக்காலிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் இஞ்ஞாசி வந்தார்.

இஞ்ஞாசி சங்கு குளிக்கிறவர். வாயில் குழாய் கிடையாது, முதுகில் காற்று உருளை கிடையாது. வெறும் மூச்சில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பாகம், அதாவது ஐம்பது அடிக்குக் கிட்ட ஆழம் இறங்கி, தரையைத் துழாவிவிட்டு, அவசரப்படாமல் மேலே வருவார். அந்தக் கரையில் அவர் மூச்சுக்குத் தனி மரியாதை. சில நாளாகக் காய்ச்சல், இருமல், நெஞ்சில் குத்து. கூடவே மனைவி சலேத்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்" என்றார் சலேத்.

"வெளியே இரும்மா."

"ஒரே வார்த்தைதான் சார்."

"அதை வெளியே நின்னு ஞாபகம் வச்சுக்கோ."

கதவு சாத்தப்பட்டது.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் கைக்குட்டை அகலத்துக்கு வெள்ளை. நிமோனியாதான், சந்தேகமில்லை. லேசா கடுமையா என்பதுதான் கேள்வி. அதற்கு டாக்டர்கள் உலகமெங்கும் கேட்கும் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. மதி குழம்பியிருக்கிறதா? ரத்தத்தில் யூரியா ஏறியிருக்கிறதா? மூச்சு நிமிஷத்துக்கு முப்பதைத் தொடுகிறதா? ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறதா? வயது அறுபத்தைந்தா, மேலேயா? ஆமாம் என்பதற்கு ஒரு மதிப்பெண். ஏற ஏற ஆபத்து.

கோதண்டபாணி ஒன்றையும் விடவில்லை.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி. திங்கக்கிழம வள்ளம் கடலுக்குப் போவுது சார்."

மதி தெளிவு. வயது நாற்பத்தாறு. அழுத்தம் நன்றாக இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார், யூரியாவும் ஏறவில்லை. மூச்சு பாக்கி. பல டாக்டர்கள் மூச்சை எண்ணுவதே இல்லை, குத்துமதிப்பாக இருபது என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். கோதண்டபாணி அந்த ஜாதி இல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நிமிர்ந்து உட்காரு. மூச்சை எண்ணணும்."

இஞ்ஞாசி நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டர் முழு நிமிஷம் எண்ணினார். இருபத்திரண்டு.

விரலில் மாட்டிய கருவி மட்டும் ரத்தத்தில் பிராணவாயு கொஞ்சம் குறைச்சல் என்றது. தொண்ணூற்று மூன்று. ஆயுசு முழுக்கத் தண்ணீருக்கடியில் மூச்சை அடக்குகிறவன், இவனுக்கு இதுவே சரியாக இருக்கும் என்று கோதண்டபாணி தானே கேட்டு, தானே பதில் சொல்லிக்கொண்டார்.

ஐந்துக்குப் பூஜ்யம். பூஜ்யத்துக்கு வீடு.

"திங்கக்கிழம கடலுக்குப் போலாமா சார்?"

"போகாதே."

"போகலன்னா சம்மாட்டி என் எடத்துல வேற ஆளப் போட்டுருவாரு. நெஞ்சுல நோவுன்னு தெரிஞ்சா அதோட வள்ளத்துலயே ஏத்த மாட்டாரு."

சம்மாட்டி என்றால் வள்ளத்துக்குச் சொந்தக்காரர்.

"போடட்டும். நீ போய்ப் படு."

பிற்பகல் மூன்று மணி இருக்கும். மீன் ஏற்றும் ஆட்டோ ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. சலேத் முதலில் குதித்தார். பின்னால் இஞ்ஞாசி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவரப்பட்ட பையன் மாதிரி, சிரித்துக்கொண்டே இறங்கினார். தானாகத்தான் நடந்து வந்தார்.

இந்த முறை நாற்காலியில் சுலைஹா. முக்காலியில் கோதண்டபாணி.

"காலையிலதானே பார்த்தேன்?" என்றார் கோதண்டபாணி.

"நீங்க பாத்திய. அதுக்குப் பொறவு நான் பாத்தேன்லா?" என்றார் சலேத்.

"நீ வெளியே..."

"உட்காருங்க அக்கா" என்றார் சுலைஹா. இன்னொரு நாற்காலியைக் காலால் நகர்த்திச் சலேத் பக்கம் தள்ளினார். "உங்களுக்கு என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்ணும் செய்யல டாக்டரம்மா. இவுகளுக்குத்தான்."

"அவரைக் கேக்கல. உங்களுக்கு என்ன செய்யுது?"

சலேத் உட்கார்ந்தார். இறங்கி வந்த வேகமெல்லாம் அந்த நாற்காலியில் வடிந்துபோனது.

"பயமா இருக்கு."

"எதுனால?"

"இவுக என்னைய ஏசல."

கோதண்டபாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லதுதானேம்மா?"

"சிரிக்காதிய சார். கெட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து இவுக ஏச்சக் கேட்டுத்தான் எனக்கு விடியும். ஆரம்பிச்சா எங்க தாத்தா, அவருக்குத் தாத்தான்னு ஏழு தலமொறையும் ஒரே மூச்சுல போவும். எடையில நிப்பாட்ட மாட்டாவ. ரெண்டு நாளா பேச்சக் காணும். மதியம் வேணும்னே மீன் கொழம்புல உப்ப அள்ளிப் போட்டேன். ஒரு வாய் வச்சாவ. தட்ட ஒதுக்கிட்டாவ. ஒரு சொல்லு இல்ல டாக்டரம்மா!"

"உப்பு சரியாத்தான் இருந்திச்சு" என்றார் இஞ்ஞாசி.

"கேட்டியளா? மூணே வார்த்த!"

சுலைஹா திரும்பி கோதண்டபாணியைப் பார்த்தார். அவர் அதற்குள் மறுபடியும் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருந்தார். அழுத்தம் அதே. மதி அதே. மூச்சு இருபத்து நாலு.

"இப்பவும் பூஜ்யம் மேடம்."

"சரி" என்றார் சுலைஹா. அப்புறம் சலேத்திடம், "யார் பேரைச் சொன்னா இவருக்கு ரத்தம் கொதிக்கும்?"

"எங்க அண்ணன் ராயப்பன் பேரச் சொன்னா போதும்."

"உங்க அண்ணன் இவரைப் பத்தி என்ன சொல்றாரு?"

சலேத் கெட்டிக்காரி. ஒரு விநாடிதான் யோசித்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினார்.

"ஏன், ஊரே கேட்டுச்சே! இவுக எட்டுப் பாகம் எறங்குனதெல்லாம் பொய்யாம். மூணு பாகத்துல தொங்கிக்கிட்டு, மிச்சக் கயித்தக் கையால நனைச்சுக் காட்டுனாவளாம். அண்ணன் சவேரியார் கோயில் கொடிமரத்தடியில நின்னு சொல்லுதாரு. அம்புட்டுப் பேரும் சிரிக்காவ."

இஞ்ஞாசி எழுந்துவிட்டார்.

"எவன்? ராயப்பனா? அந்த வெறுவாக்கெட்ட மூதி..."

நின்றது.

"அவன் முழங்கால் தண்ணியில..."

மறுபடியும் நின்றது. வாய் திறந்திருந்தது. ஏச்சு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைத் தள்ள உள்ளே காற்று இல்லை. தோள் இரண்டும் மேலே ஏறின. கழுத்து நரம்பு புடைத்தது. சுலைஹா எட்டிச் சட்டைக் காலரை விலக்கினார். காறையெலும்புக்கு மேலே இருந்த குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டு போனது. கடலுக்கடியில் அடங்கிக் கிடந்த மூச்சு இத்தனை நாளும் ஏமாற்றியது போதும் என்று அறுத்துக்கொண்டு ஓடியது.

விரல் கருவி எண்பத்தைந்து என்றது.

"இப்ப எண்ணுங்க சார்" என்றார் சுலைஹா.

கோதண்டபாணி எண்ணினார். நாற்பது.

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டமும் நடையும்தான். பிராணவாயு முகமூடி, ஊசிமருந்து, புதிய எக்ஸ்ரே. காலையில் கைக்குட்டை அகலம் இருந்த வெள்ளை இப்போது வலப்புறம் முழுவதும் பரவி இடப்புறத்திலும் தொடங்கியிருந்தது. மூச்சு எந்திரம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. சுலைஹா ஏறினார். யாரும் கூப்பிடாமலே கோதண்டபாணியும் ஏறினார்.

வழியில் சலேத் குனிந்து புருஷன் காதில் சொன்னார்: "அண்ணன் ஒண்ணும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

முகமூடிக்குள்ளிருந்து இஞ்ஞாசி முறைத்தார். சலேத்தின் கையை மட்டும் விடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சை அறைக் கதவை ஒரு காவலாளி காத்துக்கொண்டிருந்தார். சுலைஹாவை அங்கே எல்லோருக்கும் தெரியும், உள்ளே போய்விட்டார். கோதண்டபாணி பின்னாலேயே நுழையப் பார்த்தார்.

"கூட வந்தவங்க வெளியே இருங்க."

"நான் டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. வெளியே இருங்க பெரியவரே."

கதவு சாத்தப்பட்டது. வெளியே பெஞ்சில் சலேத் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பட்டாளத்து டாக்டர் அதில் உட்கார்ந்தார். ஜெபமாலையின் மணிகள் சலேத்தின் விரல்களில் நகர்ந்தன.

"காலையில ஏதோ சொல்லணும்னியே. என்ன அது?" என்றார் கோதண்டபாணி.

"இதேதான் சார். என்னைய ஏசலன்னு."



இஞ்ஞாசி சில நாள் எந்திரத்தின் மூச்சில் கிடந்தார். பிழைப்பாரா என்று கேட்டவர்களிடம் சுலைஹா, தெரியாது என்றே சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவரைக் கோதண்டபாணி தன் சர்வீசில் பார்த்ததில்லை.

எந்திரத்தைக் கழற்றிய செய்தி வந்த அன்று, வெளிநோயாளி நேரம் முடிந்ததும், முக்காலியில் இருந்தபடியே கேட்டார்.

"ஐந்து கேள்வியையும் கேட்டேன். மூச்சை முழு நிமிஷம் எண்ணினேன். கடிகாரம் சரியான கடிகாரம். எங்கே தப்பினேன்?"

சுலைஹா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நிமிர்ந்து உட்காருங்க சார். மூச்சை எண்ணணும்."

கோதண்டபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சு விட்டார். விட்டது நீளமாகப் போன மாதிரி இருந்தது. அடுத்ததைக் கொஞ்சம் குறைத்தார். குறைத்தது போதவில்லையோ என்று தோன்றியது. மூச்சு விடுவது இவ்வளவு பெரிய வேலையா? நெஞ்சு தன்னால் விரிந்து, அணிவகுப்பில் நிற்கிற நெஞ்சாகிவிட்டது.

"பன்னிரண்டு" என்றார் சுலைஹா.

"அவ்வளவுதானா?"

"காலையில அங்கே உட்கார்ந்து பேப்பர் படிச்சீங்க. அப்ப பதினெட்டு."

"அப்பவும் எண்ணினீங்களா?"

"தினமும் எண்ணுறேன். வயசாகுதில்ல?"

கோதண்டபாணி நெஞ்சைத் தளர்த்தினார். "அந்த ஐந்து கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?" என்றார்.

"ஏன்? நல்ல கேள்விகள்."

"இவன் விஷயத்தில் பொய் சொல்லிவிட்டதே?"

"கேள்வி எப்படி சார் பொய் சொல்லும்?"

மூச்சை எண்ணணும் என்று இஞ்ஞாசியிடம் சொல்லிவிட்டு எண்ணியது கோதண்டபாணிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுவாரம் மாவு மில்காரர் தங்கப்பழம் இருமிக்கொண்டு வந்தார். பக்கத்துக் கடை பாத்திர வியாபாரி கூட வந்திருந்தார். பட்டாளத்து டாக்டரின் வழக்கம் தெரிந்தவர், படியோடு நின்றுகொண்டார்.

"நீங்களும் வாங்க" என்றார் கோதண்டபாணி.

"நானா?"

"உங்களைத்தான். உட்காருங்க."

எக்ஸ்ரேயில் இவருக்கும் நிமோனியா. தங்கப்பழம் தேதி சொன்னார். கிழமை சொன்னார். பிரதமர் பேர், முதல்வர் பேர் சொன்னார். கூடவே இருவரையும் பற்றித் தன் அபிப்பிராயத்தையும் சொன்னார். மதி தெளிவு. கோதண்டபாணி பேனாவை மூடி வைத்துவிட்டுப் பாத்திரக்காரர் பக்கம் திரும்பினார்.

"இவர் எப்படி இருக்கார்?"

"நல்லாத்தான் சார் இருக்கார். ஆனா..."

"சொல்லுங்க."

"இன்னிக்குக் காலையில மொளகாய் அரைச்ச கல்லுல கோதுமையைக் கொட்டிட்டார். எங்க வீட்டு மாவு மொத்தமும் போச்சு. மில்லு தொடங்கினதிலிருந்து அவர் கண்ணைக் கட்டிவிட்டாக்கூட அது நடக்காது சார்."

"ஏல, அத ஏன் இங்க சொல்லுத?" என்றார் தங்கப்பழம்.

கோதண்டபாணி முதல் கேள்விக்கு எதிரே ஒரு மதிப்பெண் போட்டார். படுக்கை ஒதுக்கினார். சாயங்காலம் தங்கப்பழம் தன் மகளைப் பார்த்து, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். அதற்குள் மருந்து உள்ளே போயிருந்தது. இரண்டாம் நாள் தெளிந்து, தன் மில்லைப் பூட்டியவன் எவன் என்று சத்தம் போட்டார்.

சுலைஹா வார்டு சுற்றும்போது அந்தக் கட்டிலருகே நின்று, எழுதியிருந்ததைப் படித்தார். மறுநாள் காலை முக்காலி இருந்த இடத்தில் முதுகு சாய்ந்துகொள்ளும் நாற்காலி கிடந்தது.

இஞ்ஞாசி உடம்பு தேறி, கடைசிப் பரிசோதனைக்கு வந்த நாளில் ஆஸ்பத்திரி முற்றம் நிறைந்துவிட்டது. வள்ளத்து ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ராயப்பனும் வந்திருந்தார், தங்கை தன் பேரில் கட்டிவிட்ட கதை தெரிந்து தூரமாகவே நின்றார். சம்மாட்டி கையில் ஒரு சங்கு. பாலில் முக்கி எடுத்ததுபோல வெளுத்து, இரண்டு கை நிறைய இருந்தது.

"அடுத்த பருவத்துக்கு இஞ்ஞாசி எடம் அப்படியே இருக்கு" என்று முதலில் அதைச் சொன்னார் சம்மாட்டி. "யாரையும் போடல. இனிமே நெஞ்சுல நோவுன்னா மறைக்காதிய, எங்கிட்ட சொல்லுங்கன்னு எல்லாருட்டயும் சொல்லிட்டேன்."

உள்ளேயிருந்து இஞ்ஞாசியின் குரல் கேட்டது. மருந்துப் பையை எங்கேயோ வைத்துவிட்டு வந்ததற்காகப் பெண்டாட்டியை ஏசிக்கொண்டிருந்தார். ஐந்தாவது தலைமுறையில் இருந்தார். தடங்கல் இல்லை. முற்றத்தில் நின்றவர்கள் திருவிழா வாணம் கேட்பதுபோல ரசித்துக் கேட்டார்கள்.

வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த சுலைஹாவிடம் சம்மாட்டி சங்கை நீட்டினார்.

"உசிரு குடுத்தது நீங்க டாக்டரம்மா. இத வாங்கிக்கிடணும்."

"இது எனக்கு வேண்டாம். நோய் கடுமைன்னு அன்னிக்கு முதல்ல சொன்னவங்க கையில குடுங்க."

எல்லோரும் கோதண்டபாணியைப் பார்த்தார்கள். அன்று முதலில் பார்த்த டாக்டர் அவர்தான் என்று ஊருக்கே தெரியும். வள்ளத்து ஆட்கள் விலகி அவருக்கு வழியும் விட்டார்கள்.

கோதண்டபாணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் இல்லை. நான் பூஜ்யம் போட்டு அனுப்பினவன்."

சம்மாட்டி விழித்தார். நீட்டிய சங்கு நீட்டியபடியே இருந்தது.

"அப்ப யாரு டாக்டரம்மா?"

சுலைஹா அடுத்த நோயாளியைக் கையசைத்துக் கூப்பிட்டார். கூட வந்தவரையும் சேர்த்துத்தான். நாற்காலியைக் காலால் நகர்த்திப் போட்டார்.

"சலேத்" என்றார்.